நாங்கள் பார்க்காமல் விட்ட கண்டம்

2025 பிப்ரவரி 19 அன்று மாலியின் தலைநகர் பமாக்கோவில் சுலைமான் சிஸே காலமானார். வயது 84. அதே வாரக் கடைசியில் புர்கினா ஃபாசோவின் வாகடூகு நகரில் தொடங்கவிருந்த ஃபெஸ்பாக்கோ திரைப்பட விழாவுக்கு நடுவர் குழுத் தலைவராகப் போக இருந்தவர். 1987இல் கான் விழாவில் நடுவர் பரிசு வாங்கிய ‘யீலென்’ அவருடைய படம். 2022இல் பிரெஞ்சு இயக்குநர் கொதார் மறைந்தபோது, தமிழில் உலக சினிமா பற்றி எழுதும் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதினோம், கூடிப் பேசினோம், அவர் படங்களைப் போட்டுக் காட்டினோம். சிஸே போனபோது எங்களில் பெரும்பாலோர் ஒரு பத்திகூட எழுதவில்லை. எழுத எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. அவர் படங்களை நாங்கள் பார்த்திருக்கவில்லை.

உலக சினிமா என்றதும் எங்கள் நாவில் வருகிற பெயர்கள் வாசகர்களுக்கு மனப்பாடம்: குரோசாவா, பெர்க்மன், தார்க்கோவ்ஸ்கி, பிறகு கியரோஸ்தமி, கிம் கி-டுக். இவர்களில் யாரையும் குறைத்துச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் ‘உலக’ என்ற சொல்லை இத்தனை தாராளமாகப் பயன்படுத்திய நாங்கள், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொண்ட ஆப்பிரிக்காவை அந்தச் சொல்லுக்குள் சேர்க்கவே இல்லை. ஏகாதிபத்தியத்தை எதிர்த்த மூன்றாம் சினிமா பற்றிப் பேசியபோதும் அர்ஜென்டினாவையும் கியூபாவையும் விரிவாகச் சொல்லிவிட்டு, ஆப்பிரிக்காவுக்கு ஒரு வரி ஒதுக்கினோம். அக்கறையோடு எழுதிய ஒரு சிலர் சிறுபத்திரிகைகளில் இருந்தார்கள். அவர்கள் எழுதியதைத் தொடர்ந்து எடுத்துச் செல்லாததும் எங்கள் கணக்கில்தான் சேரும்.

இந்த ரசனை எப்படி உருவானது என்பதற்குக் காரணம் இருக்கிறது. திரைப்படச் சங்கங்கள் வளர்ந்த காலத்தில் படப்பெட்டி வந்தது தூதரகங்கள் வழியாக. சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருந்தது, மாக்ஸ் முல்லர் பவன் இருந்தது, சோவியத் கலாச்சார மையம் இருந்தது. செனகலுக்கும் மாலிக்கும் இங்கே அப்படி ஓர் அரங்கமோ 16 எம்.எம். சுருள்களின் சேமிப்போ கிடையாது. எந்த அரசுக்குப் பண்பாட்டைக் கப்பலேற்றி அனுப்பப் பணம் இருந்ததோ, அந்த நாட்டின் சினிமா எங்களுக்கு உன்னதமானது. வந்ததைப் பார்த்தோம், பார்த்ததைப் பற்றி எழுதினோம். வராதவற்றைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லை. பிறகு பர்மா பஜாரில் டிவிடி வந்தது, இணையத்தில் படங்கள் இறங்கின. பழைய படங்களைப் புதுப்பிக்க மார்ட்டின் ஸ்கார்செஸி 2007இல் தொடங்கிய அமைப்பு, அடுத்த ஆண்டே செனகல் இயக்குநர் ஜிப்ரில் தியோப் மாம்பெட்டியின் ‘தூகி பூகி’யைப் புதுப்பித்துவிட்டது. கையில் கிடைக்கும்போதும் நாங்கள் தேடியது, ஏற்கெனவே தெரிந்தவர்களின் பார்க்காமல் விட்ட படங்களைத்தான். படம் கிடைக்கவில்லை என்ற காரணத்தை அதற்குப் பிறகு நாங்கள் சொல்ல முடியாது.

உஸ்மான் செம்பேனைப் பற்றியாவது நாங்கள் முன்பே பேசியிருக்க வேண்டும். 1923இல் செனகலின் தெற்கே சிகின்ஷோரில் பிறந்தவர். மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். தொழிற்சங்கத்தில் சேர்ந்து, அங்கேதான் இலக்கியம் படித்தார். நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கினார். அப்புறம்தான் அவருக்கு அந்தச் சங்கடம் வந்தது: தன் எழுத்து யாரைப் பற்றியதோ அவர்களால் அதைப் படிக்க முடியாது. பிரெஞ்சு மொழி அவர்களுக்குத் தெரியாது. எழுத்தே தெரியாதவர்கள் பலர். நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோவுக்குப் போய், சோவியத் இயக்குநர் மார்க் தொன்ஸ்கோயிடம் சினிமா கற்றுக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு சினிமா ஒரு மாலை நேரப் பள்ளி என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர் அவர். அரசியலும் இலக்கியமும் மேடையும் சினிமாவோடு இத்தனை நெருங்கிக் கிடக்கிற தமிழ்நாட்டில், இந்த மனிதர் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக இருந்திருக்க வேண்டியவர்.

அவருடைய ‘போரோம் சாரெ’ 1963இல் வந்தது. சுமார் 20 நிமிடம்தான். டாக்கார் நகரில் குதிரை வண்டி ஓட்டுகிறவனின் ஒரு நாள். காலையில் ஏறுகிறவர்கள் காசு தருவதில்லை. வம்சப் பெருமை பாடும் பாடகன் ஒருவன் அவன் முன்னோர்களை வாயாரப் புகழ, அதுவரை கிடைத்த சில்லறையை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிடுகிறான். குழந்தையின் பிணத்தோடு ஏறிய ஒரு தகப்பனை, காகிதம் சரியில்லை என்று இடுகாட்டு வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பிறகு வசதியான ஒருவன் அவனைப் பணக்காரர்கள் வாழும் மேட்டுப் பகுதிக்கு அழைத்துப் போகிறான். வண்டிகளுக்கு அனுமதி இல்லாத இடம். போலீஸ்காரன் வண்டியைப் பறிமுதல் செய்கிறான். வண்டிக்காரனின் பதக்கம் கீழே விழ, அதன் மேல் பூட்ஸ் காலை வைக்கிறான். வெறுங்கையோடு வீடு திரும்பியவனிடம் மனைவி குழந்தையைக் கொடுத்துவிட்டு, இன்று ராத்திரி சாப்பாடு உண்டு என்று சொல்லி வெளியே கிளம்புகிறாள். எங்கே போகிறாள் என்று படம் சொல்வதில்லை. டிசிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பற்றிப் பல தலைமுறைகளாக எழுதிவருகிற நாங்கள், இந்த வண்டியைப் பற்றி எழுதவில்லை.

1966இல் வந்த ‘பிளாக் கேர்ள்’ படத்தை நாங்கள் தவறவிட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. டாக்காரில் வேலைக்காரப் பெண்கள் தெருவோரம் வரிசையாக உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்ததும் எல்லோரும் முண்டியடிக்க, தியுவானா மட்டும் எழுந்திருப்பதில்லை. அவளையே அந்தப் பெண் தேர்ந்தெடுக்கிறாள். டாக்காரில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவளைப் பிரான்சின் ஆந்தீப் நகருக்கு அழைத்துப் போகிறார்கள். போன இடத்தில் சமையல், துடைப்பம், நான்கு சுவர். தாயிடமிருந்து கடிதம் வருகிறது. தியுவானாவுக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்காரர் படித்துக் காட்டி, அவள் சார்பில் பதிலும் எழுதத் தொடங்குகிறார். தான் சொல்லாத வார்த்தைகள் தன் பெயரில் போகக்கூடாது என்று கடிதத்தைக் கிழித்துப் போடுகிறாள். கடைசியில் குளியல் தொட்டியில் உயிரை மாய்த்துக்கொள்கிறாள்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வீட்டு வேலைக்கு வளைகுடா நாடுகளுக்குப் போன பெண்கள் எத்தனை பேர்! பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும், கதவுக்குள் பூட்டப்படுவதும், உடல் பெட்டியில் திரும்பி வருவதும் நமக்குப் பத்திரிகைச் செய்தியாகவே பழகிப்போனவை. இந்தப் படமும் ஒரு பத்திரிகைச் செய்தியிலிருந்து பிறந்ததுதான். நம் கிராமங்களில், நம் பெண்கள் மத்தியில் திரையிட்டுப் பேசுவதற்கென்றே எடுத்ததுபோல ஒரு மணி நேரத்துக்கு இப்படி ஒரு படம் இருந்தும், அதை நாங்கள் அங்கே கொண்டுபோகவில்லை.

இந்த இடத்தில் எங்களுடைய இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். முதல் பிழையைவிட அது ஆழமானது என்று நினைக்கிறேன். அபூர்வமாக ஆப்பிரிக்கப் படங்களைக் குறிப்பிட்டபோதும் அவற்றைச் ‘சமூக ஆவணம்’ என்று சொல்லி முடித்துக்கொண்டோம். பெர்க்மனின் ஒரு முகத்தின் அண்மைக்காட்சிக்கு நான்கு பக்கம் எழுதியவர்கள், செம்பேனின் சட்டகத்தைப் பற்றி நான்கு வரி எழுதவில்லை. ‘பிளாக் கேர்ள்’ கறுப்பு வெள்ளையில் எடுத்த படம் மட்டுமல்ல; கறுப்பும் வெள்ளையும் அதன் இலக்கணம். வெள்ளைச் சுவர், அதில் தன்னந்தனியாகத் தொங்கும் ஆப்பிரிக்க முகமூடி, அந்த வீட்டுக்குள் ஒட்டாமல் நகரும் அவள் உருவம். எஜமானியிடம் ஓரிரு சொல்லுக்கு மேல் பேசாத தியுவானா, தன் மனதுக்குள் தங்குதடையில்லாத பிரெஞ்சில் பேசுகிறாள். திரையில் நடித்தவர் பிஸீன் தெரேஸ் தியோப், குரல் வேறொரு பெண்ணுடையது. வாய்க்கும் குரலுக்கும் நடுவே விழுந்த இடைவெளியே அவளுடைய நிலைமை ஆகிவிடுகிறது. முடிவில் அவள் பெட்டியோடு வீட்டுக்காரர் டாக்காருக்கு வருகிறார். அவர் நீட்டும் பணத்தைத் தாய் வாங்க மறுக்கிறாள். சிறுவன் ஒருவன் அதே முகமூடியை அணிந்து அவர் பின்னாலேயே நடக்கிறான், அவர் வேகத்தைக் கூட்டக் கூட்ட அவனும் விடுவதில்லை. வசனம் இல்லாமல் ஒரு முழு வரலாறும் துரத்துகிற காட்சி அது. இதை ஆவணம் என்று மட்டும் படித்தது எங்கள் பார்வையின் சோம்பல். அவர்களிடம் துயரம் இருக்கிறது, கலை ஐரோப்பாவில் இருக்கிறது என்று மனதுக்குள் நாங்களே பங்கு பிரித்துவிட்டோம். காலனியம் பற்றி இத்தனை கட்டுரை எழுதிய எங்களுக்குள் அந்தப் பங்கீடு இருந்தது.

மாம்பெட்டியை ஒருமுறை பார்த்திருந்தால் அந்த எண்ணம் நொறுங்கியிருக்கும். 1973இல் வந்த ‘தூகி பூகி’யில் மாட்டுக் கொம்பு கட்டிய மோட்டார் சைக்கிளில் மோரியும் ஆன்டாவும் பாரிஸ் கனவோடு டாக்காரைச் சுற்றுகிறார்கள். ஜோசஃபின் பேக்கரின் பாரிஸ் பாட்டு திரும்பத் திரும்ப ஒலிக்க, அறுபடும் மாடுகளும் கடல் அலையும் குறுக்கே வெட்டி வெட்டி வருகின்றன. கப்பலேறும் நேரத்தில் மோரி திரும்பி ஓடிவிடுகிறான். படத்தொகுப்பின் துணிச்சலில் எந்தப் புதிய அலைக்கும் குறைந்ததல்ல. மாம்பெட்டி முடித்தது இரண்டே முழுநீளப் படங்கள்; 1998இல் போய்விட்டார்.

ஆப்பிரிக்கர்களும் நம்மை அறியாதவர்கள் இல்லை. டாக்காரின் தியேட்டர்களில் இந்திப் படங்கள் ஓடின. நைஜீரியாவின் கானோவில் அவற்றுக்குப் பெரும் ரசிகர் கூட்டம் இருந்தது. பிரெஞ்சு மொழி பேசும் ஆப்பிரிக்காவில் படவினியோகம் வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருந்ததால், சொந்தப் படங்களுக்கு அரங்கம் கிடைக்காமல் அந்த இயக்குநர்கள் தவித்தார்கள். அந்த அரங்குகளை அடைத்திருந்த மலிவான இறக்குமதிகளில் இந்தியப் படங்களும் உண்டு. அதற்கும் முன்னால், பிரான்சின் 1934 லவால் ஆணை அதன் ஆப்பிரிக்கக் காலனிகளில் படமெடுக்க அரசின் அனுமதியைக் கட்டாயமாக்கியிருந்தது. தாயகத்தில் படம்பிடிக்க அனுமதி கிடைக்காத இயக்குநர் போலின் சுமானு வியேராவும் நண்பர்களும் 1955இல் தங்கள் குறும்படத்தைப் பாரிஸிலேயே எடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் தடை ஓயவில்லை. செம்பேனின் ‘செத்தோ’வுக்கு, தலைப்பில் ஓர் எழுத்து இரட்டித்திருப்பதைக் காரணம் காட்டி செனகல் அரசே தடை போட்டது. தணிக்கைக்கு எதிராக எங்கெங்கோ நடந்த போராட்டங்களை எடுத்துக்காட்டிய எங்கள் கட்டுரைகளில் இவற்றில் ஒன்றுகூட வரவில்லை.

ஈழத்தைப் பற்றி எழுதும்போது நாங்கள் செய்த பிழை இன்னும் கனமானது. போரும் சினிமாவும் என்று எழுத வரும்போதெல்லாம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து உதாரணம் எடுத்தோம். சாரா மால்தொரோர் 1972இல் எடுத்த ‘சம்பிசங்கா’ எங்கள் நினைவுக்கு வரவில்லை. அங்கோலாவின் விடுதலைப் போராட்டப் பின்னணி. டொமிங்கோஸ் என்ற தொழிலாளியைப் போர்த்துகீசியப் போலீஸ் வீடு புகுந்து பிடித்துப் போகிறது. மனைவி மரியா கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கிறாள். ஒரு காவல் நிலையம், அங்கே இல்லை என்கிறார்கள். இன்னொன்று. அலுவலகங்கள், வாசல்கள், தெரியாது என்ற பதில்கள். சிறைக்குள் அவன் அடிபட்டுச் செத்துக்கொண்டிருப்பதைப் படம் நமக்குக் காட்டுகிறது, அவளுக்குத் தெரியாது. அங்கோலாவில் அப்போது போர் நடந்துகொண்டிருந்ததால் காங்கோ பிராசவில்லில் எடுத்தார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் புகைப்படங்களை ஏந்தித் தெருவோரம் உட்கார்ந்தார்கள். அவர்கள் நடந்த நடையைத் திரையில் 45 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கறுப்பினப் பெண் இயக்குநர் எடுத்து வைத்திருந்தார். அந்தத் தாய்மாருக்கு உலகில் துணை இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டிய கடமை எங்களுக்கு இருந்தது. 2020இல் கொரோனா மால்தொரோரைக் கொண்டுபோனது. அப்போதும் எழுதவில்லை.

சாஃபி ஃபாய் விஷயத்திலும் இதே கதை. செனகலைச் சேர்ந்த அவருடைய ‘கத்து பெய்கத்’ 1975இல் வந்தது. நிலக்கடலையை மட்டுமே நம்பி வாழவைக்கப்பட்ட ஒரு கிராமம். மழை பொய்த்து விளைச்சல் போனதால் ஙோர் என்ற இளைஞனுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது. பணம் தேடி டாக்காருக்குப் போகிறான். கிராமத்துப் பெரியவர்கள் மரத்தடியில் கூடி வரியையும் கடனையும் வெளிப்படையாகப் பேசுகிறார்கள். சொந்த நாட்டில் படத்துக்குத் தடை விழுந்தது.

திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கடலைக்காட்டுக்காரர்களுக்கு இதில் விளக்க வேண்டியது ஏதுமில்லை. மானாவாரியும் கடனும் நகரத்துக்கு ஓடிய மகனும் அவர்களுக்குத் தெரியும். தமிழில் துணைத்தலைப்பு போட்டு ஒரு சாயங்காலம் அங்கே திரையிட வேண்டும். படம் முடிந்ததும் மைக்கை நாங்கள் வைத்துக்கொள்ளாமல் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். ‘போரோம் சாரெ’ சுமார் 20 நிமிடம்தான், மொழிபெயர்க்க ஓர் இரவு போதும். ‘பிளாக் கேர்ளு’க்கு ஒரு வாரம். இந்த வேலைக்குப் பிரெஞ்சு தெரிந்தவர்கள் புதுச்சேரியிலேயே இருக்கிறார்கள். நாங்கள் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.