பொடி மத்தியும் நம் கல்லாவும்

வடலூருக்குப் பக்கத்தில் கடை வைத்துக்கொண்டு கருவாட்டைப் பற்றி எழுதுகிறோமே என்று சைவ அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். புளி, மிளகாய், உப்பு மூன்றையும் மொத்தமாக விற்கிறவனுக்குக் கருவாடு தூரத்து உறவல்ல. அது குறைந்தால் புளி விற்பனையும் குறைகிறது. இதை நாம் கணக்குப் புத்தகத்திலேயே பார்த்திருக்கிறோம்.

நெய்வேலியில் சுரங்கமும் அனல்மின் நிலையமும் வந்த காலம் முதல் பல ஊர்க்காரர்கள் நகரியத்தில் குடியேறினார்கள். கேரளத்துக் குடும்பங்கள் நம் கடைக்கு வந்து முதலில் கேட்பது "மத்தி உண்டோ?" என்பதுதான். நம் கடலூர்ப் பக்கம் இதையும் இதன் இனத்தையும் கவலை என்பார்கள். பெயரில்தான் கவலை, குழம்பில் இல்லை என்று அந்த நாளில் நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இப்போது பெயர் பொருந்திவிட்டது.

மத்தி, ஐரோப்பியர் கொண்டாடும் ஹெர்ரிங் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளைத் தின்று கூட்டம் கூட்டமாகத் திரியும். ஆயுள் இரண்டரை, மூன்று ஆண்டுதான். ஏறக்குறைய 15 செ.மீ. வளர்ந்த பிறகே முட்டையிடத் தகுதி பெறுகிறது. உடம்பில் எண்ணெய் அதிகம். ருசிக்கும் அதுதான் காரணம், கருவாடு கெடுவதற்கும் அதுதான் காரணம். மற்ற மீனைப் போல் வெறும் வெயிலில் போட்டால் காற்றுப் பட்டு எண்ணெய் காறிப்போய், மஞ்சள் பூத்து, நெடி அடிக்கும். சிப்பத்தைப் பிரித்ததும் தாளில் எண்ணெய்க் கறை படிந்து மூக்கில் காறல் ஏறினால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இதே சிக்கலை ஐரோப்பிய வணிகர்கள் பீப்பாயால் தீர்த்தார்கள். ஹெர்ரிங்கின் குடலை எடுத்து, உப்பு அடுக்கி, காற்றுப் புகாமல் மூடினார்கள். ஜெர்மனியில் லூபெக் நகரத்தார் பக்கத்து லூனெபர்க்கின் உப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அதைக் கொண்டுவரவே கால்வாய் வெட்டி 1398-இல் முடித்தார்கள். மீன் பிடித்தவரைவிட உப்பு வைத்திருந்தவரே பணக்காரர் ஆனார் என்பதை நம் உப்பு வியாபாரிகள் கவனிக்கவும். நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்லர். மேற்குக் கடற்கரையில் அயிலை மீனைக் குடம்புளியும் உப்பும் சேர்த்து மரப்பீப்பாயில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். 'கொழும்புப் பதம்' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது.

மத்தியோ பெரும்பாலும் எண்ணெய்க்கும் எருவுக்கும் போயிற்று. சென்னை மாகாண மீன்துறையை 1907-இல் தொடங்கிவைத்த சர் பிரெடரிக் நிக்கல்சன், மலபார்க் கரையில் மத்தியை வேகவைத்துப் பிழிந்து நல்ல எண்ணெயும் எருவும் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். சில ஆண்டு மீன் குவியும், சில ஆண்டு கண்ணிலேயே படாது. பயந்துபோன மாகாண அரசு 1943-இல் குஞ்சு மத்தி பிடிக்கக் கட்டுப்பாடு விதித்தது. நடைமுறைப்படுத்த முடியாமல் 1947-இல் விலக்கிக்கொண்டது.

இப்போதைய கதைக்கு வருவோம். கேரளத்தில் 2012-இல் ஏறக்குறைய 3.9 லட்சம் டன் மத்தி கரைக்கு வந்தது. 2021-இல் வந்தது வெறும் 3,297 டன். கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு இது. கடல் சூடானதும் ஒரு காரணம், குஞ்சையும் சேர்த்து வாரியதும் ஒரு காரணம். 2015-இல் கேரள அரசு 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று ஆணையிட்டது. நம் கடலூர்க் கரையில் பேச்செல்லாம் சுருக்குமடி வலையைப் பற்றித்தான். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும் அதற்கு இடைக்கால அனுமதி கொடுத்தது. அதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் கடலில் இறங்கியவர்கள் அல்லர். கடைக்காரர் பக்கத்துக் குற்றத்தை மட்டும் பேசுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் விரல் நீளம்கூட இல்லாத பொடி மத்திக் கருவாடு பாதி விலைக்கு வந்தது. நாம் வாங்கினோம். ஒரு வாரத்தில் விற்றும் தீர்த்தோம், லாபமும் பார்த்தோம். மறு ஆண்டு அதே ஆளிடம் போனபோது கொடுக்கச் சரக்கில்லை. வளர வேண்டியதை முன்னமே வாங்கித் தின்றவர்களில் நாமும் ஒருவர்.

"நாம் வாங்காவிட்டால் மீன்தூள் ஆலை லாரி வாங்கிக்கொண்டு போகும்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் போகிற மீன் அளவு பார்த்துப் போவதில்லை. ஆனால் லாரிக்காரர் சின்னதற்கும் பெரியதற்கும் ஒரே விலை தருகிறார். நாம் நல்ல அளவுள்ள மீனுக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டி, உப்புக்கும் சேர்த்து முன்பணம் கொடுத்தால், காயவைக்கும் பெண்கள் பெரிய மீனையே பிரித்தெடுப்பார்கள். அவர்களுக்கு அன்றன்று காசு வேண்டும். நாமோ மாதம் கழித்துத்தான் பணம் தருகிறோம். பிறகு தரத்தைப் பற்றிக் குறை சொல்கிறோம்.

ஆடி மாதக் கூழுக்குத்தான் நம் வட்டாரத்தில் கருவாடு அதிகம் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆகவே ஆடிக்கு வேண்டியதில் பெரும்பகுதியைப் பங்குனிக்குள் பேசி முடித்தாக வேண்டும். ஒருவர் மட்டும் அளவு பார்த்தால் பக்கத்துக் கடை சிரிக்கும். மந்தாரக்குப்பத்து மொத்தக் கடைகள் நான்கைந்தாவது சேர்ந்து சொன்னால் தரகர் கேட்பார்.

நம் கல்லாப்பெட்டியில் இப்போது பேரனின் பள்ளிக்கூட அளவுகோல் ஒன்று கிடக்கிறது. போன வாரம் வந்த சிப்பத்தைப் பிரித்துத் தரகர் முன்னாலேயே பத்து மீனை அளந்தோம். காய்ந்தால் சுருங்கும் என்று அரை செ.மீ. விட்டுக்கொடுத்தும் ஆறுதான் தேறின. சிப்பம் திரும்பிப் போயிற்று. அவர் கோபித்துக்கொண்டுதான் போனார். நேற்று வேறு சிப்பம் கொண்டுவந்து, "ஐயா, அளவுகோலை எடுங்க" என்றார்.