அங்கே யாரும் அவுட் ஆகவில்லை



என் தங்கை பேத்திக்கு எட்டு வயது. போன மாதம் டிவி பாட்டுப் போட்டிக்குக் கூட்டிப் போனார்கள். முதல் சுற்றிலேயே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பிள்ளை வீட்டில்கூடப் பாடுவதில்லை.

எனக்கும் அந்த வயதில் ஒரு மைக் கிடைத்தது. அறுபதுகளின் கடைசி. சென்னை வானொலியின் சிறுவர் நிகழ்ச்சிக்கு எங்கள் டீச்சர் ஆறு பேரைக் கூட்டிப் போனார். நசரத்பேட்டையிலிருந்து பூந்தமல்லிக்கு நடை, அங்கிருந்து பஸ், மெரினா எதிரே வானொலி நிலையம். ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடினோம். இரண்டாவது அடி எனக்கு மறந்துபோனது. பக்கத்தில் நின்றவள் எடுத்துப் பாடினாள், நானும் சேர்ந்துகொண்டேன். யாரும் நிறுத்தவில்லை, திட்டவில்லை. ஒலிபரப்பான அன்று பஞ்சாயத்து ரேடியோ முன்னால் உட்கார்ந்து கேட்ட அம்மா, "இதில் உன் குரல் எதுடி?" என்றார். எனக்கே தெரியவில்லை!

பின்னால் 'பாப்பா மலர்' என்றாலே வானொலி அண்ணா கூத்தபிரான் ஐயா நினைவுக்கு வந்தார். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, 'கண்மணிப் பூங்கா'வை உங்களில் பலர் பக்கத்து வீட்டில் பார்த்திருப்பீர்கள். அதிலும் பிள்ளைகள் பாடினார்கள், ஆடினார்கள், வீட்டுக்குப் போனார்கள். யாரும் அவுட் ஆகவில்லை.

இன்றைய போட்டிகளால் ஏழைப் பிள்ளைக்கும் மேடை கிடைக்கிறது என்பீர்கள். மறுக்கவில்லை. பாதுகாப்புக்குச் சட்டமும் இருக்கிறது. 2017 விதிகளின்படி நடிக்கும், பாடும் குழந்தைகளுக்கு நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் 20 சதவீதமாவது பிள்ளை பெயரில் வங்கியில் போட வேண்டும். நல்லதுதான். ஆனால் அழுகிற பிள்ளையின் முகத்தைக் கிட்டே காட்டி, பின்னணியில் சோக இசை போடுவது எந்தக் கணக்கில் சேரும்?

அடுத்தவரை மட்டும் குறை சொல்லவில்லை. ஆண்டு விழாவுக்கு நன்றாகப் பாடும் நாலு பேரையே நானும் பொறுக்கி எடுத்தேன். "நீ சும்மா வாயசைச்சா போதும்" என்று பின்வரிசையில் சிலரை நிறுத்தினேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால், இந்த டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

பத்து வயது வரையாவது பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். கூட்டமாகப் பாட விடுங்கள். மறந்த அடியைப் பக்கத்துப் பிள்ளை எடுத்துக் கொடுக்கட்டும்.

இந்த ஞாயிறு பேத்தியை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். தெருப் பிள்ளைகளும் வருவார்கள். எல்லாரும் சேர்ந்து பாடப் போகிறோம். செல்போனில் எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்