காம்பில்லாத மண்வெட்டி

மண்வெட்டி இலையைக் கடையில் வாங்கி, காம்பை நாமே செதுக்கிப் போட்டுக்கொள்கிறோம். கீபோர்டும் மவுஸும் எந்த மரத்தில் காய்க்கின்றன?

2005 ஜனவரியில் அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி, மேக் மினி என்ற மேசைக் கம்ப்யூட்டரை 499 டாலர் விலையில் சந்தையில் இறக்கியது. திரை இல்லை, கீபோர்டு இல்லை, மவுஸும் இல்லை. பழைய கம்ப்யூட்டர்காரனிடம் இவையெல்லாம் இருக்குமே என்றது கம்பெனி. வாஸ்தவம்தான், அவனுக்கு அது மிச்சம். முதன்முதலாக வாங்கும் கூலிக்காரனிடம் என்ன இருக்கிறது? விளம்பரத்தில் ஒரு விலை, வீடு வந்து சேரும்போது வேறு விலை!

சேர்த்துக் கொடுத்தால் கட்டாதாம். 2020-ல் பிரிட்டனிலிருந்து வந்த ராஸ்பெரி பை 400, கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டரை அடக்கி 70 டாலருக்கு விற்றதே! மவுஸும் மற்றதும் சேர்ந்த பெட்டி 100 டாலர். வேண்டாதவன் வெறும் இலையை வாங்கட்டும். காம்போடு சேர்ந்த விலையையும் அதே எழுத்தில், அதன் பக்கத்திலேயே போடு என்கிறோம் நாம்.