'சோக்கை இழுத்துட்டு உதைங்க ப்ரோ!' - மழையில் நின்ற பைக்குக்குப் பழைய வைத்தியம் இனி பலிக்குமா?

விடிய விடிய மழை பெய்த மறுநாள் காலையில் குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி ரோட்டின் ஓரத்தைப் பார்த்தால் போதும். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளுகிறவர்கள் வரிசையாகப் போவார்கள். யாரோ ஒருவர் தன் வண்டியை ஓரம்கட்டி, "என்னாச்சு ப்ரோ, பெட்ரோல் இருக்கா?" என்று கேட்பார். அடுத்த நிமிடமே ஆலோசனைகள் ஆரம்பித்துவிடும். "பிளக்கைக் கழட்டித் துடைங்க", "சோக்கை இழுத்துட்டு உதைங்க", "செகண்ட் கியர்ல போடுங்க, நான் பின்னாடி இருந்து தள்ளுறேன்".

பேர்கூடத் தெரியாத ஒருவருக்காக மழையில் நனைந்துகொண்டு நிற்கும் இந்தப் பழக்கம் தென்சென்னைப் புறநகரின் நல்ல விஷயங்களில் ஒன்று. ஆனால், அங்கே சொல்லப்படும் வைத்தியத்தில் பெரும்பகுதி 2020-க்கு முந்தைய வண்டிக்கானது. இன்று ரோட்டில் ஓடும் புது வண்டிகளில் அது சில நேரம் பலிக்காது, சில நேரம் செலவை இழுத்துவிடும். உதவுகிற மனசு அப்படியே இருக்கிறது. வண்டிதான் மாறிவிட்டது.

எல்லோரும் மெக்கானிக்காக இருந்த காலம்

பழைய புல்லட் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, அம்மீட்டர் ஊசி நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக மிதித்து, அதன்பிறகு ஒரே உதை. இந்த வரிசை தெரியாதவர்களுக்கு வண்டி கிளம்பாது, கிக்கர் திருப்பி அடிப்பதும் உண்டு. யமஹா ஆர்.எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்கு சைலன்சரில் படியும் கரியை எடுப்பது வீட்டு வேலை மாதிரி.

அப்போது கணக்கு எளிமையாக இருந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் வருதா, காற்று வருதா, பிளக்கில் பொறி வருதா? இந்த மூன்றையும் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். ஒரு ஸ்பேனரும் பிளக் ஸ்பேனரும் இருந்தால் பாதிப் பிரச்னையை ரோட்டிலேயே முடித்துவிடலாம். அதனால்தான் ஒருவர் கற்றதை இன்னொருவருக்கு நின்ற இடத்திலேயே சொல்லிக்கொடுக்க முடிந்தது.

2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்-6 மாசு விதிகள் அமலுக்கு வந்தன. பெட்ரோலில் இருந்த கந்தகத்தின் உச்சவரம்பு 50 பி.பி.எம்-மிலிருந்து 10 பி.பி.எம்-மாகக் குறைந்தது. புது பைக்குகளில் கார்புரேட்டர் போய், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. எவ்வளவு பெட்ரோல், எப்போது என்பதை இப்போது தீர்மானிப்பது இ.சி.யு எனப்படும் சின்ன கம்ப்யூட்டர். சென்சார்கள் தரும் தகவலை வைத்து அது முடிவெடுக்கிறது. காற்று மாசு குறைய இந்த மாற்றம் தேவை, அதில் சந்தேகமில்லை. கூடவே, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் வித்தையின் பாதி போய்விட்டது.

எந்த ஆலோசனை எங்கே உதைக்கும்?

முதலில் 'சோக்'. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பைக்கில் கையால் இழுக்கும் சோக்கே பெரும்பாலும் கிடையாது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை என்பதை இ.சி.யு தானே பார்த்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரைத் திருகித் திருகி ஸ்டார்ட் செய்ய வேண்டியதும் இல்லை.

அடுத்தது, தள்ளி ஸ்டார்ட் செய்வது. கார்புரேட்டர் வண்டியில் பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தாலும் பல மாடல்கள் தள்ளினால் கிளம்பிவிடும். புது வண்டியில் டேங்க்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் இ.சி.யு-வுக்கும் கரன்ட் வேண்டும். பேட்டரி ஓரளவு உயிரோடு இருந்தால் தள்ளுவது உதவும். மீட்டரே எரியவில்லை என்றால் தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை தள்ளினாலும் கால் வலிதான் மிச்சம்.

மூன்றாவது, 'ரிசர்வ் வர்ற வரைக்கும் ஓட்டலாம்' என்ற பழக்கம். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். எப்போதும் கடைசிச் சொட்டு வரை ஓட்டினால் பம்ப் சூடாகும், அதன் ஆயுள் குறையும். பழைய வண்டியில் பிரச்னை வந்தால் ட்யூபைக் கழட்டி ஊதினோம். இங்கே பம்ப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது, தண்ணீரில் நின்றுபோன வண்டியில் செல்ஃபை அழுத்திக்கொண்டே இருப்பது. இந்த ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை எனப் பல பகுதிகளில் வாகனங்கள் தண்ணீரில் நின்றன.

பிஸ்டன் காற்றைத்தான் அழுத்த முடியும், தண்ணீரை அழுத்த முடியாது. ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போன பிறகு எஞ்சினைச் சுற்றவைத்தால், நடுவில் இருக்கும் கனெக்டிங் ராடு வளையலாம், உடையலாம். ஆயில் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, எஞ்சினைப் பிரிக்கும் வேலையாகிவிடும்.

இதில் இன்ஷூரன்ஸ் சிக்கல் ஒன்றும் உண்டு. 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது நீங்கள் இடித்து மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. உங்கள் வண்டிக்கான 'ஓன் டேமேஜ்' பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. அது இருந்தாலும், தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் உடைந்தால், 'தொடர் சேதம்' என்று சொல்லி க்ளெய்மை மறுக்க சாதாரண பாலிசியில் இடம் இருக்கிறது. எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் எடுத்திருந்தால் மட்டுமே நிலைமை வேறு. 'ஒரு தடவை அடிச்சுப் பார்க்கலாமே' என்ற அந்த ஒரு தடவைக்கு இவ்வளவு விலை.

அப்போ என்ன செய்யலாம்?

தண்ணீர் ஏர் ஃபில்டர் உயரத்துக்கு வந்திருந்தால் சாவியையே போடாதீர்கள். தெரிந்தவர்கள் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழட்டிவிடலாம். வண்டியை மேடான இடத்துக்குத் தள்ளி, ஆயில் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். பிளக்கைக் கழட்டி, ஏர் ஃபில்டரை எடுத்து, ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட்டைப் பற்றி யோசிக்கலாம். அந்த ஆயிலையும் கொஞ்ச தூரம் ஓட்டியதும் மறுபடி மாற்றுவது நல்லது.

வெறும் மழையில் நனைந்து நின்ற வண்டி என்றால், அதிகம் யோசிக்காமல் முதலில் கில் ஸ்விட்ச்சைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பல நேரம் அதுதான் காரணம். அடுத்து சைடு ஸ்டாண்டு. பல புது மாடல்களில் ஸ்டாண்டு போட்டிருந்தால் எஞ்சின் இயங்காதபடி ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. மழைச் சேறு அதில் அப்பிக்கொண்டால், ஸ்டாண்டை எடுத்த பிறகும் போட்டிருப்பதாகவே வண்டி நினைக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவி நாலைந்து முறை ஸ்டாண்டை ஏற்றி இறக்கினால் சரியாகலாம். அதன்பிறகு ஃப்யூஸ், பேட்டரி டெர்மினல், பிளக் கேப். ஒரே ஒரு ஸ்பேர் ஃப்யூஸ் வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டுவைப்பது பெரிய செலவு இல்லை.

இன்னும் நம் கையில் இருக்கும் வேலைகளும் நிறைய. மழைக்காலத்தில் செயினைச் சுத்தம் செய்து லூப் போடுவது, செயின் தொய்வை மேனுவலில் சொன்ன அளவுக்கு வைப்பது, டயர் காற்றை வண்டி சூடாகும் முன் பார்ப்பது, பிரேக் பேட் தேய்மானத்தைக் கவனிப்பது. ஓ-ரிங் செயினைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள், உள்ளிருக்கும் ரப்பர் கெட்டுவிடும். வாட்டர் வாஷில் ஹேண்டில்பார் ஸ்விட்ச், ஒயர் கனெக்டர் பக்கம் பிரஷர் கன்னைக் காட்ட விடாதீர்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் பலவும் இதை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை அல்ல. இ10-க்கு ஏற்ப அமைக்கப்பட்ட டூவீலர்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவிகிதம் குறையலாம் என்று 2021-ல் வெளியான நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. பழைய வண்டிகளில் 20,000 - 30,000 கி.மீ ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டிவரலாம், அதற்கு அதிகம் செலவாகாது என்று 2025 ஆகஸ்ட்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. இ20-ஐ எதிர்த்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-ல் தள்ளுபடி செய்தது. ஆக, இந்தப் பெட்ரோலோடுதான் நாம் இனி வாழ வேண்டும்.

நம் ஊருக்கு இதில் முக்கியமான விஷயம் தண்ணீர். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பெட்ரோல் மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீர் வெளியேற பல மாடல்களில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது தூசியால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் டேங்க்குக்குள் இறங்கும். மொட்டைவெளியில் வண்டி நிறுத்துபவர்கள் மழைக்கு முன் அந்த ஓட்டையைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

மஞ்சள் விளக்கு எரிந்தால் யாரிடம் போவது?

இதுவரை சொன்னதை எல்லாம் நாமே கற்றுக்கொள்ளலாம், ரோட்டில் நிற்பவருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால்தான் கதை மாறுகிறது. கோளாறு என்ன என்று இ.சி.யு-வுக்குத் தெரியும், அதை ஒரு கோடாகச் சேமித்தும் வைத்திருக்கும். சில மாடல்களில் விளக்கு எத்தனை முறை கண் சிமிட்டுகிறது என்பதை எண்ணியே கோடைக் கண்டுபிடிக்கலாம். மற்றவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். ஒரே ஸ்கேனர் எல்லா கம்பெனிக்கும் முழுசாக வேலை செய்வதில்லை. சேலையூரிலோ மேடவாக்கத்திலோ தனி ஆளாகக் கடை நடத்தும் மெக்கானிக் எத்தனை வாங்குவார்? ஓ.பி.டி விதிகள் 2023-லும் 2025-லும் அடுத்தடுத்த கட்டத்துக்குப் போனதில், சென்சார் கண்காணிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

ராயல் என்ஃபீல்டு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும், யமஹா வல்லம் வடகாலிலும் பைக் தயாரிக்கின்றன. நம் பக்கத்து ஊரில் பிறக்கும் வண்டிக்கு என்ன நோய் என்பதை நம் தெரு மெக்கானிக்கால் படிக்க முடியவில்லை. இங்கே குறை அவருடைய திறமையில் இல்லை. அவருக்கு வந்து சேராத தகவலில் இருக்கிறது.

கார்கள் விஷயத்தில் இந்தக் கேள்வி ஏற்கெனவே எழுந்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக, 2014 ஆகஸ்ட்டில் 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் மொத்தம் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் சர்வீஸ் செய்தாலே வாரன்ட்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது என்றும் சொன்னது. அது மேல்முறையீடுகளுக்குப் போனது தனிக்கதை.

2022 ஜூலையில் 'ரைட் டு ரிப்பேர்' கட்டமைப்பை உருவாக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் போன்கள், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றோடு வாகனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் தனி இணையதளமும் வந்தது. 2025-ல் 'இந்தப் பொருளை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம்' என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கான அறிக்கை தயாரானபோது, அது மொபைலையும் எலெக்ட்ரானிக் பொருள்களையும் பற்றியதாக இருந்தது. பைக் அதில் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 2012-லேயே கார் பழுது தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது.

ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி

ஆபீஸ் போகிறவருக்கு வண்டி நின்றால் எலெக்ட்ரிக் டிரெயின் இருக்கிறது. உணவு டெலிவரி செய்பவருக்கு வண்டி நின்றால் அன்றைய வருமானம் நின்றது. ஷோரூம் சர்வீஸில் 'மூணு நாள் கழிச்சு வாங்க' என்றால் மூன்று நாள் கூலி போச்சு. வண்டிதான் அவர்களுடைய தொழில் கருவி என்பது அரசுக்கும் தெரியும். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 2,000 கிக் தொழிலாளர்களுக்கு இ-ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம்தான். ஆனால், பேட்டரியும் சாஃப்ட்வேரும் சேர்ந்த அந்த ஸ்கூட்டர் நின்றுபோனால் தெரு மெக்கானிக்கால் செய்ய முடிவது இன்னும் குறைவு. வாங்கக் காசு கொடுக்கும் அரசு, பழுதுபார்க்கும் தகவலையும் சேர்த்துக் கேட்கலாம். ஐ.டி.ஐ-களில் கற்பவர்களுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் ஸ்கேனர் பயிற்சி கொடுக்கலாம், நாலைந்து கடைகள் சேர்ந்து பயன்படுத்தும்படி கருவிக்கு உதவலாம்.

நம் பங்குக்குச் செய்யவும் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது மைலேஜ், இ.எம்.ஐ-யோடு நிறுத்திவிடாதீர்கள். இதன் சர்வீஸ் மேனுவல் வெளியில் கிடைக்குமா, கோடை வெளிக்கடையில் படிக்க முடியுமா, வெளியில் ஆயில் மாற்றினால் வாரன்ட்டி என்னாகும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். சேல்ஸ்மேனுக்குப் பதில் தெரியாமல் போகலாம். பத்துப் பேர் கேட்டால் தெரிந்துகொள்வார். அதுவரை ரோட்டோரம் யாராவது நின்றால் வண்டியை ஓரம்கட்டுங்கள். 'சோக்கை இழுங்க' என்பதற்கு முன்னால், 'தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு ப்ரோ?' என்று கேளுங்கள்.