மாத்திரையைக் கையில் வாங்குமுன்...

குற்றால சீஸன் வந்துவிட்டால் செங்கோட்டைக்காரர்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குப் பஞ்சமே இராது. மதுரை அத்தை துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக வந்து இறங்குவாள். கூடவே ஒரு பை நிறைய மாத்திரைகளும் வரும். "இதெல்லாம் எதற்கு, அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள். "காலையில் வெள்ளை, ராத்திரியில் மஞ்சள்" என்பாள். அவ்வளவுதான்!

அதே அத்தை அருவிக்கரையில் வழுக்கி விழுந்து, தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால்? வெள்ளை மாத்திரை ரத்தம் உறையாமலிருக்கத் தருவது என்று தெரியாமல், வலிக்கு வேறொன்றைக் கொடுத்தால் உள்ளே ரத்தம் கசியக்கூடும். டாக்டருக்கு ஜோசியமா தெரியும்?

மருந்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2019 மார்ச்சில் ஹைதராபாத் நாம்பள்ளியில், அரசு சுகாதார நிலையம் ஒன்றில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். ஜுரத்துக்குப் பாரஸிட்டமால் தரவேண்டிய இடத்தில் டிரமடால் கொடுக்கப்பட்டுவிட்டது. அது பெரியவர்களின் கடும் வலிக்கான மருந்து. பச்சைக் குழந்தையின் மூச்சையே அடக்கிவிடக் கூடியது. பல குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டன. சில தாய்மார்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். மாத்திரை கைமாறிய இடங்களில் யாராவது ஒருவர் அட்டையிலிருந்த பெயரைப் படித்திருந்தால் போதும்!

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான வேளை: இந்த ஐந்தையும் பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று நர்ஸுகளுக்குக் கற்பிக்கிறார்கள். ஆனால் வார்டில் கூட்டம். அவர்களுக்கும் இருப்பது இரண்டு கைகள்தாம். அந்த ஐந்தையும் கட்டிலருகே இருக்கும் நீங்களும் கவனிக்கலாமே! ஒரே வார்டில் இரண்டு இசக்கியம்மாள் படுத்திருப்பது நம் பக்கத்தில் அதிசயமா, என்ன? ஊசி போட வரும்போது நோயாளியின் பெயரோடு வயதையும், தகப்பனார் அல்லது கணவர் பெயரையும் சொல்லுங்கள். "இது என்ன மருந்து, சிஸ்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

நோயாளி இடம் மாறும்போதுதான் தவறு எளிதில் நுழைகிறது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் செங்கோட்டை. பெரிய வியாதி என்றால் மலை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்களும் உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கே ஒரு பெயரில் தந்த மருந்தை இங்கே இன்னொரு பெயரில் எழுதுவார்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு இரட்டிப்பாகிவிடும். டோலோ, கால்பால், குரோஸின் மூன்றிலும் இருப்பது பாரஸிட்டமால்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? மருந்தின் மூலப் பெயரைத் தெளிவாக, கூடுமானால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்ஸில் 2016-லேயே விதி செய்தது. புரியாவிட்டால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. மூட்டுவாதத்துக்குத் தரும் மெதோடிரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ல், மருந்துத் தவறுகளால் விளையும் பெருந்தீங்கை ஐந்தாண்டில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று ஓர் இயக்கம் தொடங்கியது. அத்தனை பெரிய காரியத்தில் உங்கள் பங்கு ஒரு தாள், ஒரு பேனா. வீட்டில் ஒவ்வொருவரும் சாப்பிடும் மருந்தின் பெயர், அளவு, வேளை, ஒத்துக்கொள்ளாத மருந்து, இவற்றை எழுதி, பிரதி ஒன்றைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பால் கணக்கும் வண்ணான் கணக்கும் தவறாமல் எழுதிய குடும்பம் அல்லவா நம்முடையது? இந்தக் கணக்கையும் இன்றே எழுதிவிடுங்கள்.