கோழியைத் திட்டாதீர்கள்!



பொத்தேரி என்றதும் ரயில் நிலையமும், பல்கலைக்கழகமும், அடுக்குமாடிக் கட்டடங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உள்தெருக்களில் நடந்து பாருங்கள். சில வீட்டுக் கொல்லைகளில் இன்னமும் நாட்டுக்கோழிகள் மேய்கின்றன. அங்கே அடிக்கடி ஒரு பேச்சும் கேட்கும். "இது முட்டையே வைக்கிறதில்லை. தண்டத்துக்குத் தீனி தின்னுது. வித்துடலாம்!"

கோழி சோம்பேறி இல்லை, குழந்தைகளே. காலத்துக்குத் தகுந்தபடி அது நடந்துகொள்கிறது. அதைக் கவனிக்காமல் திட்டுவது நம் தவறு என்பேன்.

கோழிக்கு வியர்க்காது. நம் உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் என்றால், கோழிக்குச் சுமார் 41 டிகிரி. அதனால், கத்திரி வெயிலில் அலகைத் திறந்து மூச்சிரைக்கும். இறக்கைகளை உடம்பில் ஒட்டாமல் விரித்து வைக்கும். நிழலில் குழி பறித்துப் படுக்கும். தீனி குறைந்து, தண்ணீர் அதிகம் குடிக்கும். அப்போது முட்டையும் குறையும். ஓடும் மெலிந்து போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈசல் பறந்தால் கோழிகளுக்கு விருந்துதான்! ஆனால், பகல் குறைகிற காலம் அது. நம் பக்கம் ஜூன் மாதப் பகலைவிட டிசம்பர் பகல் சுமார் ஒன்றரை மணி நேரம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் முட்டையும் குறையும். பல கோழிகள் பழைய இறகை உதிர்த்துப் புது இறகு வளர்க்கும். இறகுக்கும் புரதம் வேண்டும், முட்டைக்கும் புரதம் வேண்டும். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்ய அதனால் முடியாது.

அடைக்கோழியும் அப்படித்தான். 21 நாள் உட்கார்ந்து குஞ்சு பொரிப்பது அதன் இயல்பு. அடை தெளிய வேண்டுமென்று தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகைச் செருகுவதும் கொடுமை.

நானும் ஒரு தவறு செய்தவன்தான். ஐந்தாம் வகுப்பு விடுமுறையில், எங்கள் அடைக்கோழியை மாமரத்து நிழலில் கூடையால் கவிழ்த்துவிட்டு விளையாடப் போனேன். தண்ணீர் வைக்கவில்லை. மதியம் வந்து பார்த்தால், கூடை மேல் சுள்ளென்று வெயில். உள்ளே கோழி இறந்து கிடந்தது. அம்மா அடிக்கவில்லை. "நிழல் ஒரே இடத்துல நிக்குமாடா?" என்று மட்டும் கேட்டார். இத்தனை வயதாகியும் அதை நான் மறக்கவில்லை.

அதற்காக, எல்லாமே பருவ மாற்றம் என்றும் விட்டுவிடக் கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து, கழுத்து திருகிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சல் நோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் முகாம் நடத்துகிறது. பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் கால்நடை ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. வளர்ப்பு பற்றிய சந்தேகங்களைப் பெரியவர்கள் அங்கே கேட்கலாம்.

உங்களுக்கு மூன்று வேலை தருகிறேன். வெயில் காலத்தில் நிழலில் தண்ணீர் வைத்து, மதியம் நிழல் நகர்ந்துவிட்டதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் கூண்டின் தரை ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் மாதவாரியாக முட்டைக் கணக்கு எழுதுங்கள். அடுத்த முறை வீட்டில் யாராவது "வித்துடலாம்" என்றால், அந்த நோட்டைக் காட்டுங்கள். செய்வீர்கள்தானே?