எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபமா?



மலருக்குக் கவிதை எழுதுகிறவர்கள் நம் கல்லூரியில் நிறையப் பேர். துணுக்கு எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் வராது. மனசில் பல வருடமாகக் கிடக்கிற ஒரு விஷயத்தைத்தான் எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் தெருவில் ஒரு கூரை வீடு பற்றிக்கொண்டது. அடுப்பு நெருப்புதான். காற்று வேறு அடித்தது. எல்லோரும் குடத்திலும் பக்கெட்டிலும் தண்ணீர் கொண்டு ஓடினார்கள். "ஃபயர் சர்வீசுக்குப் போன் போடுங்கப்பா" என்று ஒரு அண்ணன் கத்தினார். அதற்கு என் அப்பா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "இருடா தம்பி, வண்டி வந்தா எவ்வளவு கேப்பாங்களோ... நாமளே அணைச்சிடலாம்."

என் அப்பா கஞ்சர் இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர். எங்கே போனாலும் காசு கேட்கிற உலகத்தைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதை மற்றவர்களும் கேட்டுக்கொண்டார்கள். பத்து நிமிஷம் போனது. அதற்குள் அடுத்த கூரைக்கும் தீ தாவிவிட்டது. அது எங்கள் வீடு. ரேஷன் கார்டு, அம்மாவின் இரண்டு நல்ல சேலை, என் புத்தகப் பை எல்லாம் போனது.

பிறகுதான் போன் போட்டார்கள். வண்டி வந்தது, தீ அணைந்தது, மற்ற வீடுகள் பிழைத்தன. அப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஐயா, எவ்வளவு தரணும்?" என்று கேட்டார். தீயணைப்பு வீரர் ஒருவர், "காசெல்லாம் ஒண்ணும் வேணாம்ங்க, இது கவர்மென்ட் வண்டி. இதுக்கா கூப்பிடாம இருந்தீங்க?" என்றார். அப்பா பதில் பேசவில்லை.

'வேணாம்ங்க' என்ற அந்த ஒரு சொல்லின் மதிப்பு எனக்கு அன்று தெரியவில்லை. டிப்ளமோ சேர்ந்த பிறகு ஒரு செய்தியைப் படித்தபோதுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் என்று ஒரு சிறு நகரம். நகரத்துக்கு வெளியே கிராமப் பகுதியில் இருப்பவர்களுக்கு அந்த நகரின் தீயணைப்பு வண்டி வேண்டுமானால் அப்போது வருடம் 75 டாலர் சந்தா கட்ட வேண்டியிருந்தது. 2010 செப்டம்பரில் அங்கே ஒரு வீடு தீப்பிடித்தது. அந்த வருடம் வீட்டுக்காரர் சந்தா கட்டியிருக்கவில்லை. போனில், "எவ்வளவு செலவானாலும் இப்பவே தருகிறேன்" என்று கெஞ்சினார். ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு வண்டி வந்தது. எதற்கு? சந்தா கட்டிய பக்கத்து வீட்டுக்காரரின் நிலத்துக்குத் தீ பரவியதால்! அதை மட்டும் அணைத்தார்கள். இந்த வீடு கண்ணெதிரே எரிந்து சாம்பலானது. வீட்டுக்குள் இருந்த மூன்று நாய்களும் ஒரு பூனையும் செத்தன. இத்தனைக்கும் அது தனியார் கம்பெனி இல்லை, நகராட்சியின் வண்டி! அரசு வண்டியே கடைக்காரன் கணக்குப் பார்த்தால் இந்தக் கதி என்றால், கம்பெனி நடத்தினால் எப்படி இருக்கும்? சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

அதையும் உலகம் ஏற்கனவே பார்த்திருக்கிறது. 1666-ல் லண்டன் மாநகரம் எரிந்தது. அதற்குப் பிறகு அங்கே தீ இன்சூரன்ஸ் கம்பெனிகள் முளைத்தன. பணம் கட்டிய வீட்டுச் சுவரில் கம்பெனி முத்திரை போட்ட உலோகத் தகடு அடிப்பார்கள். தீயணைக்கும் ஆட்களையும் கம்பெனிகளே வைத்திருந்தன. கம்பெனியின் நஷ்டத்தைக் குறைப்பதுதான் அந்த ஆட்களின் முதல் வேலை. 1861-ல் டூலி தெருக் கிடங்குகள் எரிந்தபோது நஷ்டம் தாங்க முடியாமல் அந்தக் கம்பெனிகளே, "இது எங்களால் ஆகாது, அரசாங்கம் ஏற்றுக்கொள்ளட்டும்" என்று கைவிரித்தன. 1866-ல்தான் லண்டனுக்குப் பொதுவான தீயணைப்புப் படை வந்தது.

ஆனால் கைவிட்ட வழியிலேயே மறுபடி நடக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் காட்டுத் தீ வரும்போது பெரும் பணக்காரர்கள் தனியார் தீயணைப்பு ஆட்களை வாடகைக்கு அமர்த்துகிறார்கள். சில இன்சூரன்ஸ் கம்பெனிகளே பணக்கார வாடிக்கையாளர்களுக்கு அனுப்பி வைக்கின்றன. 2025 ஜனவரி 7-ல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பாலிசேட்ஸ் பகுதி எரிந்தது. குழாய்களுக்கு அழுத்தம் கொடுக்கும் மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 38 லட்சம் லிட்டர், மறுநாள் விடியற்காலை 3 மணிக்குள் காலி! மேட்டுப் பகுதிக் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. அதே ஊரில் ஒரு கோடீஸ்வரரின் வணிக வளாகம் மட்டும் தனியார் ஆட்களாலும் அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் லாரிகளாலும் பிழைத்து நின்றது. சுற்றிலும் சாம்பல்.

அதே இரவில் ஆல்டடீனா என்ற ஊரும் எரிந்தது. அதன் மேற்குப் பகுதி கறுப்பின மக்கள் பல தலைமுறையாக வாழ்ந்த இடம். அங்கே, "வெளியேறுங்கள்" என்ற எச்சரிக்கையே பல மணி நேரம் தாமதமாக வந்தது. அந்தத் தீயில் இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே அந்த மேற்குப் பகுதியினர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தீயை அணைக்கச் சிறைக்கைதிகள் நூற்றுக்கணக்கில் இறக்கப்பட்டார்கள். அப்போது அவர்களுக்குத் தினக்கூலி சுமார் 6 முதல் 10 டாலர். தீயில் நிற்கும் நேரத்துக்கு மணிக்கு ஒரு டாலர் கூடுதல். உயிரைக் கொடுப்பவன் ஒருவன், பாதுகாப்பு பெறுபவன் இன்னொருவன்!

ஹாஸ்டலில் இதைப் பேசியபோது ஒரு நண்பன் கேட்டான்: "அவன் காசு, அவன் வீடு. அவன் ஆள் வச்சுக் காப்பாத்துறான். உனக்கென்னடா வயித்தெரிச்சல்?" நியாயமான கேள்விதான். ஒரு வீடு பிழைத்தால் எனக்கும் சந்தோஷமே. ஆனால் தனக்கென்று ஆள் வைத்துக்கொண்டவன், ஊருக்கு வண்டி பழுதாகிக் கிடக்கிறதே, தொட்டி சிறியதாக இருக்கிறதே என்று எதற்குக் குரல் கொடுக்கப் போகிறான்? சொல்வாக்கு உள்ளவர்கள் எல்லாம் விலகிக்கொண்டால் பொதுச் சேவை நோஞ்சானாகும். பிறகு, "பாருங்கள், அரசு சேவை சரியில்லை" என்று அதையும் விற்கச் சொல்வார்கள்!

தனியார் என்றாலே தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் மாநிலத்தில் 2008 முதல் ஓடுகிற 108 ஆம்புலன்சை நடத்துவது அரசு அல்லாத ஓர் அமைப்புதான். ஆனால் பணம் தருவது அரசு. நோயாளியிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. ஆகவே வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்பது இரண்டாம் பட்சம். செலவை யார் ஏற்பது, யார் வீட்டுக்கு முதலில் போவது என்பதே கேள்வி. ஆபத்து பெரிதாக இருக்கும் இடத்துக்கு முதலில் போக வேண்டும். பை கனமாக இருக்கும் இடத்துக்கு அல்ல.

எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்துத்தான். சேவைக்கு விலை வைத்துவிட்டால், ஏழை கூப்பிடவே தயங்குவான். எங்கள் தெருவில் விலையே இல்லை. விலை இருக்குமோ என்ற பயம் மட்டுமே ஒரு வீட்டைத் தின்றது. நிஜமாகவே விலை வைத்தால் எத்தனை வீடு போகும்?

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. நமக்குத் தெரிந்தது நம் தெருவுக்குத் தெரியாது. இந்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். தீ என்றால் 101, உடனே கூப்பிடுங்கள், காசு கிடையாது என்று பத்து வீட்டுக்காவது சொல்லுங்கள். பக்கத்தில் தீயணைப்பு நிலையம் இல்லாத ஊர் என்றால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். நாளை நாம் பம்ப் செய்யும் ஃபிட்டராகவோ, குழாய் போடும் சூப்பர்வைசராகவோ ஆனாலும், கடைசித் தெருவுக்கும் தண்ணீர் போகிறதா என்று பாருங்கள்.

என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் 101 என்ற எண்ணை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறார். "காசு கேக்க மாட்டாங்க, பயப்படாம கூப்பிடு" என்று எல்லோரிடமும் சொல்கிறார். அவர் சொல்வது என்றைக்கும் பொய்யாகிவிடக் கூடாது!

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை